பன்றி இல்லாத வராகன்

கடலூர்ப் பக்கம் வந்து ‘பூவராகன்’ என்று சொன்னால், கேட்பவருக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர் ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள். மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரை வரை தீர்த்தவாரிக்குப் போகிறவர், அங்கே இஸ்லாமியர் செய்யும் மரியாதையையும் ஏற்றுக்கொண்டு திரும்புகிறவர். அடுத்தபடியாக உறவிலோ தெருவிலோ அந்தப் பெயரை வைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர் நினைவுக்கு வருவார். காசு யாருக்கும் நினைவுக்கு வராது. இருநூறு வருஷம் முன்பு திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருவில் அதே சொல்லுக்குச் சுண்டுவிரல் நகத்தளவு தங்கக் காசு என்று பொருள். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியார் கணக்கெழுதியதும், நிலத்துக்கு விலை பேசியதும், தறிக்கு முன்பணம் கொடுத்ததும் வராகனில்தான்.

வராகம் என்றால் பன்றி. அந்தக் காசைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தால் பன்றி இருக்காது. முன்பக்கம் அரை உருவாக ஒரு விஷ்ணு. பின்பக்கம் கொஞ்சம் புடைத்து, கடுகு தெளித்தாற்போல் புள்ளி புள்ளியாக இருக்கும். நடுவில் ஐந்து முனையோடு ஒரு குறி. பன்றி எங்கே போயிற்று, பூ எங்கிருந்து வந்தது என்ற இரண்டு கேள்விகளைத் தொடர்ந்து போனால் இந்தக் கடற்கரையின் முந்நூறு வருஷக் காசு வரலாறு கையில் வந்துவிடுகிறது.

பன்றியின் கதை எளிது. வாதாபிச் சாளுக்கியருக்கு வராகம் அரச இலச்சினை. அவர்கள் பேரில் வரும் பொற்காசுகளில் பன்றி உருவம் உண்டு. காசுக்கும் அதுவே பெயராயிற்று. விசயநகரத்தார் காலத்தில் பெயர் நிலைத்தது, உருவம் மாறிக்கொண்டே போனது. அனுமன், கருடன், உமாமகேசுவரர், இலட்சுமி நாராயணர், கிருஷ்ணதேவராயர் காலத்தில் பாலகிருஷ்ணன் என்று அரசருக்கொரு தெய்வம் ஏறி உட்கார்ந்தது. பின்னால் வேங்கடவனும் இரு தேவியரும் மூவராக நின்றார்கள். யார் நின்றாலும் சனங்கள் அதை வராகன் என்றே எண்ணி வாங்கினார்கள். ஏறக்குறைய 3.4 கிராம் எடையுள்ள பொன் என்பதுதான் அவர்களுக்கு வேண்டிய செய்தி. உருவம் சாமி சமாசாரம், எடை வயிற்றுச் சமாசாரம்.

ஒரே காசுக்கு இந்த ஊரில் மூன்று பெயர் ஓடின. தமிழரும் தெலுங்கரும் வராகன் என்றார்கள். ஆற்காட்டு நவாபின் பாரசீகக் கணக்கர்கள் ஹூண் என்றார்கள். ஏதோ அரபு நாட்டுச் சரக்கு மாதிரித் தோன்றும் இந்த ஹூண், கன்னட ‘ஹொன்னு’விலிருந்து வந்தது. கன்னடத்தில் பகரம் ஹகரமாவது நாம் அறிந்த மாற்றம். ஆகவே ஹொன்னு என்பது நம்முடைய பொன்னேதான். பொன் தெற்கே புறப்பட்டு, கன்னட நாட்டில் உடை மாற்றி, பாரசீக எழுத்தில் திரும்பி வந்து சேர்ந்தது.

ஐரோப்பியர் அதைப் பகோடா என்றார்கள். போர்ச்சுக்கீசியருக்குக் கோயிலும் ‘பகோட்’, கோயிலுக்குள் இருக்கும் சிலையும் ‘பகோட்’, சிலையைப் பொறித்த காசும் ‘பகோட்’. அந்தச் சொல்லின் வேர் பகவதியா, பாரசீகத்தில் கோயிலைக் குறிக்கும் புத்கதாவா என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். கடையில் விற்கும் பக்கோடாவுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. ஆங்கிலேயர் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்ட விதம் வேடிக்கை: இங்கே வந்து கொழுத்த பணக்காரராகத் திரும்புவதை அவர்கள் ‘பகோடா மரத்தை உலுக்குவது’ என்றார்கள். சென்னைக் கவர்னர் எலிகு யேல் அந்த மரத்தை நன்றாகவே உலுக்கியவர்.

கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டை கும்பினியார் கைக்கு வந்ததும் யேல் காலத்தில்தான். 1690இல் செஞ்சியில் இருந்த மராட்டிய மன்னர் ராஜாராமிடம் வாங்கி, புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை நிலமும் சேர்த்து என்பது பேச்சு. குண்டு விழுந்த இடம் வரை உள்ள ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பேர் நிலைத்துவிட்டது. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்ததும், 1752 வரை கும்பினியின் தென்னிந்தியத் தலைமையிடமே இந்தக் கோட்டைதான். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து பிடித்து இடித்தான். பிறகு 1801இல் தென்னார்க்காடு மாவட்டம் கும்பினி ஆட்சிக்கு வந்தபோது கடலூர் மறுபடி தலைநகராயிற்று.

கும்பினியாருக்கு முன்பே, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, டச்சுக்காரர் தேவனாம்பட்டினத்தில் கடை போட்டிருந்தார்கள். தெற்கே பரங்கிப்பேட்டை, பெயரே சொல்கிறது யார் வந்து இறங்கினார்கள் என்று. வடக்கே ஒரு நடைத் தூரத்தில் புதுச்சேரி. இத்தனை பேர் வந்து இறங்கிய கரையில் யார் காசு எது என்று தெரிந்து வைத்திருந்தவன் காசு மாற்றும் சராப்பு ஒருவன்தான். உரைகல்லும் மாற்றும் அவன் கையில். ஒரு காசைக் கொடுத்து இன்னொன்றை வாங்கினால் வட்டம் பிடிப்பான்.

இந்தச் சராப்புக்குப் பயந்தே வெள்ளைக்காரர்கள் விஷ்ணுவை அச்சடித்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை. நாணய ஆய்வாளர்கள் பரங்கிப்பேட்டை வராகன் என்று ஒரு வகையைப் பிரித்துச் சொல்வார்கள். ஒரு பக்கம் தனியாக நிற்கும் விஷ்ணு, மறுபக்கம் வெறும் புள்ளிகள். நாகப்பட்டினத்தை 1658இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பறித்த டச்சுக்காரர்கள் அதே உருவத்தைத் தாங்களும் அடித்தார்கள். சொந்த நாட்டில் மாதா கோயில் சிலைகளையே உடைத்துப் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே உட்கார்ந்து சங்கு சக்கரதாரியைப் பொன்னில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய நாகப்பட்டினத்துச் செப்புக் காசில் ஒரு பக்கம் பெண் தெய்வம், மறுபக்கம் ஊர்ப்பெயர் தமிழில். பிரெஞ்சுக்காரரும் அப்படியே: புதுச்சேரிச் செப்புக் காசின் ஒரு பக்கம் பிரெஞ்சு அரசரின் அல்லிப்பூ, மறுபக்கம் புள்ளி வைக்காத பழைய எழுத்தில் புதுச்சேரி. தமிழ் எழுத்து ஏறிய இந்தக் காசுகளைத் தமிழ்ப் பற்றால் அடித்தார்கள் என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. செல்லாத காசை அடித்து என்ன பயன்?

இனி ‘பூ’வுக்கு வருவோம். 1740 வாக்கில் சென்னைக் கும்பினியார் தங்கள் வராகனை மற்றவர்களுடையதிலிருந்து பிரித்துக் காட்ட, புள்ளி நிறைந்த பின்பக்கத்தின் நடுவே ஐந்து முனைக் குறி ஒன்றைப் போட்டார்கள். அவர்கள் கண்ணுக்கு அது நட்சத்திரம். அவர்கள் புத்தகமெல்லாம் அதை நட்சத்திரப் பகோடா என்கிறது. தமிழ்க் கண்ணுக்கு அது நட்சத்திரமாகத் தெரியவில்லை.

பூவராகன் என்ற பெயரைப் பார்த்ததும் ‘பூமியைத் தூக்கிய வராகம்’ என்று பொருள் சொல்லத் தோன்றும். வடமொழியில் பூ என்றால் பூமி. ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் பெயர் அப்படித்தான் அமைந்தது. ஒலி ஒன்றாக இருப்பதை நம்பி இறங்கினால் ஏமாறுவோம் என்பதற்கு இந்த ஊரிலேயே ஒரு சாட்சி உண்டு. திருப்பாதிரிப்புலியூரின் பாதிரி, பாடலீசுவரர் கோயில் தலமரம். பாதிரியாரின் பாதிரி, போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த சொல். ஒரே ஊரில் ஒரே ஒலியில் இரண்டும் வாழ்ந்தாலும் ஒன்றுக்கொன்று பங்காளி கூட இல்லை.

காசின் பூவும் பெருமாளின் பூவும் அப்படியே. இதற்குச் சான்று காசிலேயே இருக்கிறது. 1807, 1808இல் சென்னையில் இயந்திரம் வைத்து அடித்த வெள்ளி அரை வராகனை எடுத்துக்கொள்வோம். இது முன்னதைப்போல் நகத்தளவு அல்ல. உள்ளங்கையில் கனமாக உட்காரும். ஒரு பக்கம் ஒரு கோயில் கோபுரம், அதன் இருபுறமும் நட்சத்திரங்கள். சுற்றி ஆங்கிலத்தில் ‘ஹாஃப் பகோடா’. கூடவே பாரசீகத்தில் ‘நீம் ஹூண் பூலி’. மறுபக்கம் புள்ளிகளுக்கு நடுவே விஷ்ணு. அவரைச் சுற்றித் தமிழிலும் தெலுங்கிலும் ‘அரை பூவராகன்’ என்ற பொருளில் எழுத்து. பாரசீகத்துப் ‘பூலி’க்கு மலர் என்று ஒரே பொருள்தான், இந்துஸ்தானியில் பூல் என்பது பூ. பூமிக்கும் அதற்கும் ஒட்டில்லை. ஆகவே தமிழ் எழுத்தரும் பாரசீகம் எழுதிய முன்ஷியும் ஐந்து முனைக் குறியை மலராகவே கண்டிருக்கிறார்கள். ஆங்கிலேயர் வானத்தைப் பார்த்த இடத்தில் நம்மவர் தோட்டத்தைப் பார்த்தார்கள். ஸ்ரீமுஷ்ணத்தை அடுத்து வாழ்ந்தவர் காதில் அது பெருமாள் பெயராகவும் விழுந்திருக்கும். அதனால் பெயர் இன்னும் சுலபமாக ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது என் ஊகம்.

இந்த அரை வராகனில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அதற்கு முன் எந்த வராகனிலும் கோபுரம் கிடையாது. எதற்குத் திடீரென்று கோபுரம்? ஆங்கிலத்தில் பகோடா என்றால் கோயில். காசின் பெயர் கோயில் என்றிருப்பதால் கோயில் படத்தைப் போட்டுவிட்டார்கள் என்றே நான் படிக்கிறேன். சாளுக்கியர் காலத்தில் படம் பெயரைக் கொடுத்தது. கும்பினி காலத்தில் பெயர் படத்தைக் கொடுத்தது. அதுவும் தவறாகப் புரிந்துகொண்ட பெயர். இந்தக் காசுகள் சிலவற்றில் கோபுரத்துக்கு அடியில் மங்கலாக வேறு எழுத்துகள் தெரியும். ஸ்பானிய வெள்ளி டாலரை உருக்காமல் அதன்மேலேயே அச்சு இறக்கியதன் தழும்பு அது. அமெரிக்கச் சுரங்கத்து வெள்ளியில், ஸ்பெயின் அரசன் முகத்தின்மேல், தமிழ்நாட்டுக் கோபுரம்.

வெள்ளி ரூபாயின் கதை இன்னும் விசித்திரம், ஆனால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆற்காட்டு ரூபாய் அடிக்கும் உரிமையைப் புதுச்சேரியார் 1736இல் நவாபிடம் பெற்றார்கள். சென்னையார் 1742இல் பெற்றார்கள். புதுச்சேரி ரூபாய்க்குப் பிறை அடையாளம், சென்னை ரூபாய்க்குத் தாமரை. மற்ற எழுத்தெல்லாம் முகலாய மன்னர் பெயரில் பாரசீகம். இரண்டாம் ஆலம்கீர் 1759இல் கொலையுண்டார். சென்னை அக்கசாலையில் அவர் பெயரும் அதே ஹிஜ்ரி 1172ஆம் வருஷமும் அதற்குப் பிறகு எழுபது வருஷத்துக்கும் மேல் அச்சில் ஏறிக்கொண்டிருந்தன. செத்தவர் பேரில் ஓடிய காசு என்று யாரும் வாங்க மறுக்கவில்லை.

ஏழை சனங்களுக்கு வராகனும் ரூபாயும் எட்டாது. அவர்கள் கையில் புரண்டவை செப்புக் காசுகள், சொல்லாராய்ச்சிக்கு அவைதான் நல்ல வேட்டை. காசு என்ற நம் சொல்லைப் போர்ச்சுக்கீசியர் ‘கைஷா’ என்று எடுத்தார்கள். ஆங்கிலத்தில் அது ‘கேஷ்’ ஆனது. கடைசியில் சீனத்துச் சதுர ஓட்டைக் காசுக்கும் ஐரோப்பியர் வாயில் அதே பெயர் விழுந்தது. வங்கியில் சொல்லும் கேஷ் வேறு. அது பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பணம் ‘ஃபனம்’ ஆயிற்று.

பத்துக் காசு ஒரு துட்டு. எட்டுத் துட்டு ஒரு பணம். துட்டு என்ற சொல்லை டச்சுச் செப்புக் காசான ‘டௌட்’டிலிருந்து வந்ததாகச் சொல்வது வழக்கம். எட்டு டௌட் ஒரு ஸ்டைவர். எட்டுத் துட்டு ஒரு பணம் என்பதோடு இது பொருந்துவதும் கவனிக்கத்தக்கது. 1726 முதல் டச்சுக் கும்பினியின் முதலெழுத்துகள் பின்னிய முத்திரையோடு இந்தக் காசுகள் கீழை நாடுகளுக்குக் கப்பல் கப்பலாக வந்தன. கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘துட்டு’ என்றே பணத்தைச் சொல்வதால், டச்சுக்காரர் காலே வைக்காத உள்நாட்டில் அது எப்படிப் பரவியது என்ற கேள்வி நிற்கிறது. என் மனம் டச்சுப் பக்கம்தான் சாய்கிறது என்றாலும் வழக்கை முடித்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். டச்சுக்காரர் நமக்குத் தந்த சொற்களில் கக்கூஸும் ஒன்று என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் துட்டு ‘தூதூ’ ஆகிப் பிரெஞ்சு அரசின் சட்டப்படியான காசுப் பெயராகவே ஆனது.

சென்னைத் துட்டின் முகம் நாலைந்து தலைமுறைக்குள் முற்றிலும் மாறிவிட்டது. 18ஆம் நூற்றாண்டில் அதன்மேல் இருந்தது இதயம் போன்ற ஒரு வடிவமும், அதன் தலையில் நான்கு என்ற எண் போன்ற கோடும், உள்ளே கும்பினியின் எழுத்துகளும். துணிப் பொதிகளில் சரக்கு அடையாளமாகக் குத்தும் முத்திரையே அது. கடலூரில் நெய்த துணி அந்த முத்திரையோடு கப்பலேறியது; அதை நெய்தவர் கையில் அதே முத்திரையோடு காசு வந்தது. 1803இல் இந்த மூட்டை முத்திரை போயிற்று. பர்மிங்காமில் மாத்தியூ போல்டனின் நீராவி ஆலையில் அடித்த காசுகள் வந்து இறங்கின. சிங்கம் தாங்கிய கும்பினி இலச்சினை, வட்டம் பிசகாத விளிம்பு. பத்துக் காசில் ஆங்கிலத்தில் ‘பத்து கேஷ்’ என்றும், பாரசீகத்தில் பத்துக் காசு இரண்டு ஃபலூஸ் என்றும் எழுத்து. தமிழ் ஓரெழுத்தும் இல்லை. மக்களோ எழுத்தைப் பார்க்காமல் துட்டு என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இந்த வகைத் துட்டுகளில் பெருந்தொகை சென்னைக்கு வந்தே சேரவில்லை. 1808ஆம் வருஷக் காசுகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ‘அட்மிரல் கார்டனர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரையை ஒட்டிய குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கியது. 1980களில் முக்குளிப்போர் அதிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேல் செப்புக் காசுகளை எடுத்தார்கள். நம் கடைத்தெருவில் கீரை வாங்கியிருக்க வேண்டிய துட்டு இன்று உலகெங்கும் சேகரிப்போர் பெட்டியில், தேயாத புது மெருகோடு, மலிவு விலையில் கிடைக்கிறது.

1818 ஜனவரி 7ஆம் நாள் அறிவிப்போடு சென்னை மாகாணத்தில் வராகன் கணக்கு முடிந்தது. வெள்ளி ரூபாயே இனி நிலைக்காசு; பழைய கணக்குகளை 100 வராகனுக்கு 350 ரூபாய் வீதம் மாற்ற வேண்டும் என்றார்கள். 1835இல் வந்த சட்டம் இந்தியா முழுவதற்கும் ஒரே ரூபாய் என்றது. அதில்தான் முதன்முதலாக இங்கிலாந்து மன்னரின் தலை, நான்காம் வில்லியத்தின் தலை, நம் கைக்கு வந்தது. மறுபக்கம் இலைச்சரம். பின்னால் விக்டோரியா ராணி காலத்து ரூபாயில் பின்பக்கம் முழுக்கப் பூவேலை.

காசு சுண்டும்போது ‘பூவா தலையா’ என்கிறோமே, அது இந்த அச்சுகளைப் பார்த்துப் பிறந்த சொல்லாகவே இருக்க வேண்டும். அதற்கு முன் கும்பினியின் சென்னைக் காசுகளில் தலை ஏது? பூவராகனில் பூவைக் கண்ட அதே கண், ராணி ரூபாயின் பின்பக்கத்தையும் பூ என்றது. 1950க்குப் பிறகு அசோகச் சிங்கமும் கோதுமைக் கதிரும் வந்தன. தலையும் போய்விட்டது, பூவும் போய்விட்டது. கிரிக்கெட் ஆடும் பையன்கள் இன்னும் பூவா தலையா என்றே கேட்கிறார்கள்.

நடுவில் பன்றியும் ஒருமுறை திரும்பி வந்தது. 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ரூபாய் வெளியானபோது, அவர் அங்கியில் தொங்கிய விருதுச் சங்கிலியில் ஒரு யானை பொறித்திருந்தார்கள். தும்பிக்கை குட்டையாக விழுந்துவிட்டது. பார்த்தவர்கள் அதைப் பன்றி என்றார்கள். இஸ்லாமியரிடையே பெரும் மனக்கசப்பு. சுமார் 94 லட்சம் அடித்ததில் 7 லட்சம் போல வெளியே போனதும் நிறுத்தி, மீதியை உருக்கிவிட்டு, 1912இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். வராகன் என்று பெயர் கொண்ட காசில் நூற்றாண்டுக் கணக்கில் இல்லாத பன்றியை, ரூபாயில் இல்லாத இடத்தில் சனங்கள் கண்டார்கள்.

வராகன் என்ற சொல் முழுக்க மறைந்துவிடவில்லை. நாட்டு மருந்து ஏடுகளில் வராகனெடை உண்டு. 32 குன்றிமணி ஒரு வராகனெடை. 10 வராகனெடை ஒரு பலம். காசு போனாலும் எடை மருந்துக் கணக்கில் தங்கிக்கொண்டது.

வீட்டில் பழைய கிரயச் சீட்டோ ஓலையோ இருந்தால், தொகை எழுதிய இடத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். வெறும் வராகனா, பூவராகனா, பரங்கிப்பேட்டை வராகனா என்று அடைமொழியோடு குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஊரில் எப்போது எந்தக் காசு ஓடியது என்று அறிய அதைவிட நல்ல சான்று இல்லை. செப்புக் காசுகளைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எடைக்குப் போடாதீர்கள். மண்ணிலிருந்து கிடைத்தவை என்றால் 1878ஆம் வருஷப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது: பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவானாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கடலூர்க்காரர்களுக்குக் கலெக்டர் அலுவலகம் பக்கத்தில்தான் இருக்கிறது.